பைட் அக்கா நீக்கிய வரி

எங்கள் கம்பெனியில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வாசல் காவலாளியிலிருந்து மேலாளர் வரை எல்லோருக்கும் அவர் பைட் அக்காதான். கம்ப்யூட்டர் மெமரியை அளக்கிற குட்டி அளவுக்குப் பைட் என்று பெயர். மற்றவர்கள் அதை அள்ளி இறைப்பார்கள். அக்காவிடம் ஒரு பைட் கேட்டுப் போனால், எதற்கு, ஏன், வேறு வழியே இல்லையா என்று ஒன்பது கேள்விக்குப் பிறகுதான் கிடைக்கும். அதுவும் அரை மனதோடு.

நாங்கள் செய்வது பச்சைக் குழந்தைகளை நிறுக்கும் தராசு. கீழ்த்தளத்தில் தராசுகளைப் பூட்டுகிறார்கள். மேல்தளத்தில் ஜன்னலோரமாக மூன்று மேஜைகள். ஒன்றில் அக்கா, தராசுக்குள் இருக்கும் சிப்புக்கு ப்ரோகிராம் எழுதுவார். அடுத்ததில் சோதனைக்காரர், தயாரானதையெல்லாம் தட்டிக் குலுக்கிப் பார்ப்பார். மூன்றாவது மேஜை என்னுடையது. தராசோடு போகும் கையேட்டையும், தராசின் சின்னத் திரையில் வரும் வாசகங்களையும் எழுதுவது நான்.

அக்கா இருபத்திரண்டு வயதில் கீழ்த்தளத்தில் சால்டரிங் வேலைக்குச் சேர்ந்தவர். அவர் உட்கார்ந்த பெஞ்சுக்கு ஒரு கால் குட்டை. அது ஆடாமல் இருக்க யாரோ ஒரு தடித்த புத்தகத்தை அடியில் செருகியிருந்தார்கள். ஒரு நாள் கீழே விழுந்த கம்பியை எடுக்கக் குனிந்தவர், அந்தப் புத்தகம் தான் தினமும் பற்றவைக்கிற அதே சிப்பைப் பற்றியது என்று பார்த்திருக்கிறார். அதை உருவிக்கொண்டு, பெஞ்சுக்கு ஒரு மரத்துண்டைக் கொடுத்தார். மதியச் சாப்பாட்டு நேரங்களில் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதைப் படித்து முடிக்க அவருக்கு ஒன்றரை வருஷம் ஆனது. பிறகு மாலைக் கல்லூரியில் டிப்ளமோ. பிறகு ஒரு நாள், மாடியில் ஆள் இல்லாத அவசரத்துக்கு ஒரு சின்னத் திருத்தம் செய்து கொடுத்தவர் திரும்பக் கீழே இறங்கவே இல்லை. இப்போது அவருக்கு நாற்பத்தாறு.

அவருக்கு மிகவும் பிடித்த வேலை, வேறு யாருக்கும் பிடிக்காத வேலை. ப்ரோகிராம் என்பது துண்டு துண்டாகத்தான் தயாராகும். அந்தத் துண்டுகளையெல்லாம் சேர்த்து, எது மெமரியில் எந்த இடத்தில் உட்கார வேண்டும் என்று அடுக்கும் கருவிக்கு லிங்கர் என்று பெயர். அடுக்க வேண்டிய விதத்தை நாம் எழுதிக் கொடுக்கும் தாள்தான் லிங்கர் ஸ்கிரிப்ட். பெரும்பாலானவர்கள் அதைச் சிப் செய்தவர்களிடமிருந்து அப்படியே வாங்கிப் போட்டுவிட்டு, ஆயுள் முழுக்கத் திறந்து பார்க்காமலே ஓய்வு பெறுவார்கள். அக்கா அதை வரிக்கு வரி சொந்தமாக எழுதியிருந்தார். அடுக்கி முடித்ததும் எது எங்கே உட்கார்ந்தது என்று லிங்கர் ஒரு பட்டியல் கொடுக்கும். அதை அச்செடுத்து, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, நாம் பேப்பர் படிக்கிற மாதிரி காலையில் டீயோடு படிப்பார்.

"இன்னிக்கு என்ன விசேஷம்க்கா?" என்று நான் கேட்பேன்.

"டிஸ்ப்ளேக்காரன் பன்னெண்டு பைட் பெருத்துட்டான். என்ன தின்னான்னு விசாரிக்கணும்" என்பார், திரையை ஓட்டும் ப்ரோகிராம் துண்டைப் பற்றி.

இந்த வருஷம் நாங்கள் ஒரு புதிய வசதியைச் சேர்த்தோம். குழந்தை கை காலை உதைத்துக்கொண்டே இருக்கும். எடை நிலையாக நிற்காது. அதனால் தராசு பதினாறு முறை அளந்து சராசரி எடுத்துக் காட்டும்படி அக்கா எழுதினார். எல்லோருக்கும் திருப்தி. அறுபத்து மூன்று தராசுகள், நாற்பத்தோரு சுகாதார நிலையங்களுக்குப் போயின. அதில் ஒன்றில் அக்காவின் நாத்தனார் நர்ஸ்.

நாத்தனார் இவர்கள் வீட்டிலேயேதான் இருக்கிறார். அக்கா, பஸ் ஓட்டும் கணவர், கல்லூரிக்குப் போகும் மகள், கணவரின் தங்கை என்று நாலு பேருக்கு மூன்று அறை. ஒரு மாலை எல்லோரும் உலர்ந்த துணியை மடித்துக்கொண்டிருந்தபோது நாத்தனார் பேச்சை ஆரம்பித்தாராம்.

"அண்ணி, உங்க தராசுக்கு என்ன ஆச்சு? காலையில முதல் குழந்தைய வச்சா மட்டும் நம்பர் நிக்கவே மாட்டேங்குது."

"நிக்கலன்னா எப்படி?"

"மூணு எழுநூறுங்குது, மூணு எண்ணூத்தம்பதுங்குது, திரும்ப மூணு அறுநூறுங்குது. ஓடிக்கிட்டே இருக்கு. பூஜ்யம் பட்டனை ஒரு தடவை அமுக்கினா அடங்கிடும். அப்புறம் நாள் பூரா சமத்தா இருக்கும்."

"முதல் குழந்தைதான் ரொம்ப உதைக்குதோ என்னவோ" என்றார் கணவர்.

"தினமும் வேற வேற குழந்தைண்ணா."

அக்கா கையில் இருந்த போர்வையைப் பாதி மடிப்பிலேயே வைத்துவிட்டார்.

மறுநாள் காலை சோதனைக்காரரிடம் விஷயம் வந்தது. அவர் மனிதரிலேயே நிதானமானவர். இரும்புக் கட்டிகளை வைத்தார். கை காலை ஆட்டும் ரப்பர் பொம்மையை வைத்தார். தராசை அணைப்பது, போடுவது, நிறுப்பது, குறிப்பது என்று இருநூறு தடவை செய்தார். இருநூறு தடவையும் எண் கல்லு மாதிரி நின்றது.

மேலாளர் அவர் குறித்த தாளைப் பார்த்துவிட்டு, "நர்ஸம்மா பட்டனைத் தப்பா அமுக்கியிருப்பாங்க" என்றார்.

அக்கா செய்த ஒரே முட்டாள்தனம், அன்று சாயங்காலம் அதை வீட்டில் அப்படியே ஒப்பித்ததுதான்.

"பதினோரு வருஷமா குழந்தைங்களை நிறுக்கறேன்" என்றார் நாத்தனார். குரல் உயரவில்லையாம், அதுதான் பயமாக இருந்ததாம். "உங்க மேனேஜரை ஒரு நாள் வரச் சொல்லுங்க அண்ணி. ஒரே ஒரு குழந்தைய அழ விடாம நிறுத்துக் காட்டட்டும். அப்புறம் பட்டனைப் பத்திப் பேசலாம்."

மேலாளருக்குப் பதிலாக அக்காவே போனார். தடுப்பூசி அறை எட்டு மணிக்குத் திறக்கும். ஏழரைக்கே நாத்தனாரோடு போய் நின்றுகொண்டார். சுவரோரம் ஒரு நீள பெஞ்ச், கை கழுவ ஒரு தொட்டி, மேஜை மேல் தராசு. நாத்தனார் சுவிட்சைப் போட்டுவிட்டு முதல் ஆளை அழைத்தார். இரண்டு மாதப் பெண் குழந்தை. தட்டில் வைத்ததுமே கண்ணை உருட்டி விளக்கைப் பார்த்தது. எண் நாலு கிலோவுக்கும் நாலரைக்கும் நடுவில் குதித்துக்கொண்டிருந்தது. சும்மா பதற்றமாக ஆடவில்லை. குழந்தை உதைக்கும்போது குதித்தது, உதைக்காதபோது நின்றது. பதினாறு முறை அளந்து சராசரி எடுக்கிற தராசு அப்படி ஆடாது. ஒரே ஒரு முறை அளந்து அப்படியே காட்டுகிற தராசு அப்படித்தான் ஆடும்.

"பாருங்க" என்று சொல்லிவிட்டு நாத்தனார் குழந்தையைத் தூக்கி, பூஜ்யம் பட்டனை அமுக்கி, மறுபடி வைத்தார். எண் நாலு கிலோ இருநூறில் வந்து உட்கார்ந்தது.

"ராத்திரி அணைச்சுட்டுத்தான் போவீங்களா?" என்று கேட்டார் அக்கா.

"பிளக்கையே பிடுங்கிட்டுப் போவோம். எலிக்குப் பயந்து."

அக்கா அன்றைக்குக் கம்பெனிக்கு வந்ததும் நேராகச் சோதனைக்காரரிடம் போனார்.

"நீங்க அணைச்சுட்டுத் திரும்பப் போட எவ்வளவு நேரம் விடுவீங்க?"

"மூணு செகண்ட். கை வலிக்கும்போது அஞ்சு."

"அது பத்தாது. அஞ்சு தராசோட பிளக்கைப் பிடுங்கி வைங்க. நாளைக்குக் காலையில போடலாம்."

மறுநாள் காலை ஐந்தில் மூன்று ஒழுங்காக இருந்தன. ஒன்றில் எண் குதித்தது. இன்னொன்று அதற்கு நேர்மாறு. எடையைக் காட்டாமல் யோசித்துக்கொண்டே இருந்தது. சோதனைக்காரர் அதையே வெறித்துப் பார்த்துவிட்டு, "இருநூறு தடவை" என்றார், யாரிடமும் இல்லாமல்.

அதன் பிறகு அக்கா தன் பட்டியலைப் பிரித்தார். நடந்தது இதுதான். தராசுக்கு உயிர் வந்ததும் முதல் காரியமாக, தொடக்கத்தில் தேவைப்படும் மதிப்புகளையெல்லாம் நிரந்தர மெமரியிலிருந்து வேலை செய்யும் மெமரிக்கு நகலெடுக்கும். டேட்டா பகுதி என்று அதற்குப் பெயர். நகலெடுப்பது ஒவ்வொரு பைட்டாக அல்ல, நான்கு நான்காக, அதுதான் வேகம். மொத்த அளவை நான்கால் வகுத்து, அத்தனை தடவை அள்ளி வைக்கும். எனவே அந்தப் பகுதியின் அளவு நான்கால் மீதியின்றி வகுபட்டாக வேண்டும். வகுபடாவிட்டால், கடைசியில் ஒன்றிரண்டு வெற்றுப் பைட்டுகளை இட்டு நிரப்பிச் சரிசெய்யும்படி லிங்கர் ஸ்கிரிப்டில் ஒரு வரி இருக்கும்.

பட்டியலில் டேட்டா பகுதியின் அளவு ஆயிரத்து இருநூற்று நாற்பத்தொன்று. நான்கு நான்காக எடுத்தால் ஒன்று மிஞ்சும். மிஞ்சிய அந்தக் கடைசி பைட்டில் உட்கார்ந்திருந்தது, எத்தனை முறை அளந்து சராசரி எடுக்க வேண்டும் என்கிற எண்.

பதினாறு என்று எழுதியிருந்ததை யாரும் நகலெடுக்கவே இல்லை. மின்சாரம் வந்த நேரத்தில் அந்த இடத்தில் என்ன குப்பை கிடந்ததோ அதையே தராசு நம்பியது. ஒரு சிப்பில் அது ஒன்று, இன்னொன்றில் இருநூற்றுச் சொச்சம், வேறொன்றில் ஏதோ ஒரு நடுத்தரமான எண். பூஜ்யம் பட்டனை அமுக்கினால் பதினாறு மறுபடி எழுதப்படும். அந்த இருநூறுக்கு முன்னால் சோதனைக்காரர் ஒரு தடவை அதை அமுக்கியிருந்தார்; பிறகு மூன்று செகண்ட் அணைத்தாலும் மெமரி முழுவதும் மறந்துவிடுவதில்லை. அதனால்தான் அத்தனை தடவையிலும் அவரிடம் அது பிடிபடவில்லை.

அக்கா லிங்கர் ஸ்கிரிப்டைத் திறந்தார். இட்டு நிரப்பும் வரி இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. யார், எப்போது நீக்கினார்கள் என்று பழைய பதிவுகளில் தேடினார். நான் பக்கத்து மேஜையில் இருந்தேன். அவர் காதிலிருந்து பென்சிலை எடுத்துக் கீழே வைத்ததைப் பார்த்தேன். அதை அவர் மதியச் சாப்பாட்டுக்குக்கூட எடுக்க மாட்டார்.

"என்னக்கா?"

"நான்தான்."

"என்ன நீங்கதான்?"

திரையை என் பக்கம் திருப்பினார். இரண்டு வருஷத்துக்கு முந்தைய தேதி. அவருடைய பெயர். அதன் கீழே அவரே எழுதிய குறிப்பு: 'மூன்று பைட் மிச்சம்.'

எனக்கு அந்த நாள் நினைவிருந்தது. சிப்பில் இடம் முட்டி, ப்ரோகிராம் இரண்டு பைட் அதிகமாகப் போய், எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டிருந்தோம். அக்கா எங்கோ கையை விட்டு மூன்று பைட்டை எடுத்து வந்தார். நாங்கள் கை தட்டினோம். அன்றைக்குக் கடைசி இடத்தில் இருந்தது பீப் சத்தத்தின் அளவு; அது எப்படியும் பிறகு வேறொரு இடத்தில் சரியாக எழுதப்பட்டுவிடும். எனவே ஒரு கெடுதலும் தெரியவில்லை. இந்த வருஷம் அந்த இருக்கைக்குச் சராசரிக்கான எண் வந்துவிட்டது.

அவர் நினைத்திருந்தால் அந்த ஒரு வரியைத் திரும்பப் போட்டுவிட்டு, 'சின்னத் திருத்தம்' என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். அந்த ஃபைலைப் பார்க்கிறவர்கள் வேறு யாருமில்லை. அப்படிச் செய்வாரோ என்று நான் யோசித்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். அவர் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, பட்டியலை எடுத்துக்கொண்டு, என்னையும் சாட்சி மாதிரி கூட்டிக்கொண்டு மேலாளர் அறைக்குப் போனார்.

"சார், தப்பு கிடைச்சிடுச்சு."

"நல்லதாப் போச்சு. யாரோடது?"

"என்னோடது."

மேலாளர் நிமிர்ந்து பார்த்தார்.

"ரெண்டு வருஷம் முன்னாடி இடம் பத்தலைன்னு ஒரு வரிய எடுத்தேன் சார். எடுத்ததை யார்கிட்டயும் விளக்கிச் சொல்லல. சாமர்த்தியம்னு நெனச்சுக்கிட்டேன். அந்த நர்ஸம்மா பட்டனைச் சரியாத்தான் அமுக்கினாங்க."

"எடை தப்பாப் பதிவாகியிருக்குமா?"

"இல்ல சார். ஒண்ணு நம்பர் குதிக்கும், இல்ல வராது. நிக்காத நம்பரை யாரும் எழுதிக்க மாட்டாங்க. நாலு நிலையத்துக்கு போன் பண்ணிக் கேட்டேன். எல்லாரும் பூஜ்யத்தை அமுக்கிட்டுத்தான் எழுதறாங்களாம். ஆனா நாம அதை நம்பி இருக்கக் கூடாது."

மேலாளர் பட்டியலை வாங்கிப் புரட்டினார். "நீங்க இதை எடுத்தப்ப வேற யாராவது பாத்தாங்களா?"

"அந்த ஃபைலை வேற யாரும் திறக்கிறதில்ல சார்."

"அப்ப அதுதான் பெரிய தப்பு. அது உங்களோடது இல்ல, என்னோடது." அவர் என்னைப் பார்த்தார். "இனிமே அதுல ஒரு எழுத்து மாறினாலும் ரெண்டு பேர் பாக்கணும். சோதனைக்காரர் கத்துக்கட்டும். இவரும் கத்துக்கட்டும்."

என்னை எதற்கு இழுத்தார் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனால் இப்போது நானும் அந்தப் பட்டியலைப் படிக்கிறேன்; பாதி புரிகிறது.

வரியைத் திரும்பப் போடுவதில் ஒரு சிக்கல் இருந்தது. சிப் இப்போதும் நிறைந்துதான் கிடந்தது. இட்டு நிரப்ப மூன்று பைட் வேண்டும். அக்கா ப்ரோகிராமின் ஒவ்வொரு துண்டிடமும் பிச்சைப் பாத்திரம் ஏந்தாத குறையாகக் கேட்டுவிட்டு, கடைசியில் என் மேஜைக்கு வந்தார்.

"திரையில 'தயவுசெய்து சற்றுப் பொறுத்திருக்கவும்'னு ஒண்ணு எழுதியிருக்கீங்களே."

"அதுக்கென்ன, மரியாதையா இருக்கட்டுமேன்னு எழுதினேன்."

"கொஞ்சம் மரியாதையைக் குறைச்சுக்கலாமா?"

நான் விட்டுக்கொடுக்கவில்லை. நர்ஸ்களிடம் கேட்டு முடிவு செய்யலாம் என்றேன். அக்கா அங்கேயே நாத்தனாரை போனில் அழைத்து ஸ்பீக்கரில் போட்டார். கேள்வியைக் கேட்டதும் நாத்தனார் சிரித்தார். "கையில குழந்தை கத்திக்கிட்டு இருக்கும்போது அதை யாரு முழுசாப் படிக்கிறா? 'பொறுங்கள்'னு போட்டாப் போதும்னு சொல்லுங்க. தராசு எங்கிட்டக் கெஞ்ச வேணாம்."

என்னுடைய இரண்டரை வார்த்தை போயிற்று. மூன்று பைட்டுக்குக் கேட்டவருக்குக் கொழுத்த லாபம். அக்கா வரியைப் போட்டார். அதோடு நிற்காமல், டேட்டா பகுதி நான்கால் வகுபடாமல் போனால் லிங்கர் வேலையையே நிறுத்திவிட்டுக் கத்த வேண்டும் என்று இன்னொரு வரியையும் சேர்த்தார். இரண்டு வரிக்கும் பக்கத்தில், ஏன் என்று முழு வாக்கியங்களில் எழுதிவைத்தார். ஐந்து தராசும் மூன்று நாள் பிளக் இல்லாமல் கிடந்து, நான்காம் நாள் காலையில் ஐந்தும் ஒழுங்காக நிறுத்தன. சோதனைக்காரர் அப்போதும் நம்பவில்லை. இன்னும் பத்தை ஒரு வாரம் கிடப்பில் போட்டார்.

வெளியே போன அறுபத்து மூன்றுக்கும் புதிய ப்ரோகிராமை ஏற்ற யாராவது நேரில் போக வேண்டும். தானே போவதாக அக்கா சொன்னார். தண்டனை மாதிரி நினைத்துக்கொண்டுதான் சொன்னார் என்று நினைக்கிறேன். ஒரு பை, ஒரு லேப்டாப், ஒரு கேபிள். மூன்று வாரம்.

இருபத்து நாலு வருஷமாகத் தராசு செய்கிறவர், அதுவரை ஒரே ஒரு அறையில்தான் அது வேலை செய்வதைப் பார்த்திருந்தார். இப்போது நாற்பத்தோரு அறைகள். மாடிப்படி ஏறிப் போகும் அறை, பின்பக்கமாகச் சுற்றிப் போகும் அறை, சன்னல் கதவுக்குக் கல் முட்டுக்கொடுத்த அறை. ஏற்றுவதற்கு நாலு நிமிஷம்தான் ஆகும். ஆனால் வரிசையில் இருப்பவர்களை முதலில் விட்டுவிட்டு ஓரமாக உட்கார்ந்துகொள்வார். தினமும் திரும்பி வந்து எங்களுக்குக் கதை சொல்வார். இரட்டைக் குழந்தைகளை ஒன்றாகவே வைத்துவிட்டு இரண்டால் வகுக்கச் சொன்ன ஒரு தகப்பன். எடை கூடவில்லை என்று கேட்கப் பயந்து காதைப் பொத்திக்கொண்ட ஒரு தாய்; எடை கூடித்தான் இருந்தது.

இரண்டாவது வாரத்தில் ஒரு நாள் அவர் போக வேண்டிய இடம் கணவர் ஓட்டும் பஸ்ஸின் தடத்தில் வந்தது. கல்யாணமான புதிதில் ஒரு முறை ஏறியதோடு சரி. பையோடு ஏறி முன் சீட்டில் உட்கார்ந்தார். கணவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "எங்க இறங்கணும் மேடம்?" என்று கேட்டாராம்.

"சுகாதார நிலையத்துல."

"உடம்புக்கு முடியலையா?"

"தராசுக்கு."

பின்னால் இருந்த பெண்மணி, டிரைவர் இப்படிக் குசலம் விசாரிக்கிறாரே என்று முகத்தைச் சுளித்தாராம். இறங்கும்போது, "சாயங்காலம் சீக்கிரம் வாங்க, பொண்ணுக்குப் பரீட்சை முடியுது, எங்கயாவது போலாம்" என்று அக்கா சொன்னதும்தான் அந்தப் பெண்மணிக்கு விளங்கியதாம்.

நாற்பதாவது அறையிலோ நாற்பத்தொன்றிலோ அக்கா ஒன்றைக் கவனித்தார். குழந்தையைத் தூக்கிய ஐந்தாவது செகண்டில் எண் அணைந்துவிடும். மின்சாரம் மிச்சமாகட்டும் என்று அவர்தான் அப்படி வைத்திருந்தார். ஆனால் தாய் குழந்தையை வாங்கி, துணி சுற்றி, தோளில் போட்டு நிமிர்வதற்குள் திரை இருட்டாகியிருக்கும். நர்ஸ் எழுதிக்கொள்வார், தாய்க்கு எட்டிப் பார்க்க ஒன்றும் இருக்காது. கேட்கவும் கூச்சப்படுவார்கள். அக்கா ஓரத்தில் உட்கார்ந்தபடியே லேப்டாப்பைத் திறந்து, ஐந்து என்பதை முப்பது ஆக்கி, எனக்கும் சோதனைக்காரருக்கும் போன் செய்தார். இரண்டு பேர் பார்க்க வேண்டும் அல்லவா. அது எங்கே உட்காருகிறது, பக்கத்தில் எதையும் இடிக்கிறதா என்று நாங்கள் அரை மணி நேரம் பார்த்துவிட்டுச் சரி என்றோம். முறையான சோதனை முடிந்து, அது அடுத்த மாதம்தான் வெளியே போயிற்று.

அதை ஏற்றுவதற்கும் அக்காவேதான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். இந்தத் தடவை தண்டனை மாதிரி இல்லை. புறப்படுவதற்கு ஒரு நாள் முன்னாலேயே கேபிளைச் சுற்றி வைத்துவிட்டார். நானும் ஒரு நாள் கூடப் போனேன். நாத்தனாரின் அறைதான். ஓர் இளம் தாய் குழந்தையைச் சுற்றித் தோளில் சாய்த்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார். எண் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. ஐந்து கிலோ நூறு. அவர் உதடு அசைய அதைப் படித்தார். பிறகு வாசலில் நின்ற கணவரைக் கையசைத்துக் கூப்பிட்டார். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு அவசரமாக உள்ளே வந்து, அணைவதற்குள் அவரும் பார்த்துவிட்டார். நாத்தனார் அடுத்த பெயரைக் கூப்பிட்டார். அக்கா நகர்ந்து எனக்குப் பெஞ்சில் இடம் கொடுத்தார்.